உயர்ரகக் கேமிங் கணினி எத்தனை ஆண்டு உழைக்கும்? மதுரை வெயிலில் வைத்துப் பார்த்த கணக்கு

உயர்ரகக் கேமிங் கணினி வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு லட்சம் ரூபாய் போட்டால் எத்தனை வருடம் கை வைக்காமல் ஓட்டலாம் என்பதுதான் அது. திருநகரில் இருக்கும் என் அக்கா மகன் சென்ற ஆண்டு அதையே கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். திரையில் படத்தைத் தீட்டும் கிராபிக்ஸ் கார்டு 4 முதல் 5 ஆண்டு, கணக்குப் போடும் பிராசஸரும் பாகங்களை இணைக்கும் மதர்போர்டும் 6 அல்லது 7 ஆண்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை மாற்றித் தரும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 10 ஆண்டு, கேபினெட் அதற்கும் மேல். கணினி என்று நாம் ஒருமையில் சொன்னாலும் அது ஒட்டுமொத்தமாக ஒரே நாளில் பழசாவதில்லை. பைக்கில் டயர் தேய்ந்தால் டயரை மாற்றுகிறோமே தவிர வண்டியை விற்றுவிடுவதில்லை. இங்கும் கணக்கு அதுதான்.

ஆனால் மேலே சொன்ன ஆண்டுகள் எல்லாம் குளிர்ந்த அறையில், சீரான மின்சாரத்தில் ஓடும் கணினிக்கானவை. சித்திரையில் விசிறிக் காற்றே அனலாக வரும் மொட்டைமாடி அறையில், மாலை 7 மணிக்கு வோல்டேஜ் இறங்கும் தெருவில், அந்த ஆண்டுகள் தாமாகக் கிடைத்துவிடா. அவற்றை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

பழசாவது என்றால் என்ன

ஒரு கேமிங் கணினி மூன்று விதமாகப் பழசாகிறது. முதலாவது, பாகம் பழுதாகிப் போவது. இரண்டாவது, பாகம் நன்றாகவே இருந்தும் புது கேமுக்கு வேகம் போதாமல் போவது. மூன்றாவது, வேகம் இருந்தும் புது கேம் கேட்கும் வசதி ஒன்று அந்தப் பாகத்தில் அடியோடு இல்லாமல் போவது. இந்த மூன்றாவதைப் பலர் கணக்கில் வைப்பதே இல்லை.

என்விடியா நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு (10 வரிசையைச் சேர்ந்தது) இதற்கு நல்ல உதாரணம். 699 டாலர் விலையும் 11 ஜிபி நினைவகமும் கொண்ட அந்தக் கார்டை அன்றைக்கு வாங்கியவர்கள் கொடுத்த காசுக்கு மேலேயே உழைப்பு வாங்கினார்கள். ஆறு, ஏழு ஆண்டுகள் கழித்தும் 1080பி என்ற சாதாரணத் தெளிவுள்ள மானிட்டரில் பெரும்பாலான கேம்களை அது தாராளமாக ஓட்டியது. கடைசியில் அதை வீழ்த்தியது வேகக் குறைவு அல்ல. ஒளிக்கதிர்கள் போகும் வழியைக் கணக்கிட்டுப் படம் தீட்டும் ரே டிரேசிங் முறைக்கான தனிப் பகுதி அந்தச் சிப்பில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் கேமும் அந்தப் பகுதி இருந்தே தீர வேண்டும் என்று கேட்டன. அதன்பின், 2025 அக்டோபரோடு புது கேம்களுக்கான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்களை) 10 வரிசைக் கார்டுகளுக்கு என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றது. ஆக, அசாதாரணமாக நீடித்த ஒரு கார்டின் முழு ஆயுளே எட்டு ஆண்டுகள்தான். உங்கள் கார்டு அதைவிட அதிகம் நீடிக்கும் என்று நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

வேகம் போதாமல் போகும் காலத்தைக் கணிக்க ஒரு நல்ல அளவுகோல் உண்டு. கேம் செய்யும் நிறுவனங்கள் உங்கள் கணினியை மனதில் வைத்துச் செய்வதில்லை. பிளேஸ்டேஷன் (பிஎஸ்), எக்ஸ்பாக்ஸ் ஆகிய கன்சோல்களை, அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகளை, வைத்துத்தான் செய்கின்றன. பிஎஸ்4 வந்தது 2013 நவம்பரில். பிஎஸ்5 வந்தது 2020 நவம்பரில். புதுக் கன்சோல் வந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் கேம்கள் பழையதற்கும் சேர்த்தே வெளிவரும். பழையதைக் கைவிட்ட அந்தக் கட்டத்தில்தான் கணினிகளின் மேல் பாரம் திடீரென்று ஏறும். 2023-இல் அப்படித்தான் ஏறியது: தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேம் கணினிக்கு வந்த அந்த மார்ச் மாதத்தில் 8 ஜிபி நினைவகக் கார்டுகள் திணறின, செப்டம்பரில் வந்த ஸ்டார்ஃபீல்டு கேம், சாதாரண ஹார்டு டிஸ்கு போதாது, வேகமாகப் படிக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகம் கட்டாயம் என்றது. எனவே கன்சோல் வந்து ஓரிரு ஆண்டுகள் கழித்து, அதைவிட இரு மடங்கு பலமுள்ள கணினியை வாங்கினால், அடுத்த கன்சோல் வந்து அதற்கே உரிய கேம்கள் இறங்கும்வரை பெரிய கவலை இருக்காது. கன்சோல் வருவதற்குச் சற்று முன்பு வாங்கியவர் அதே பணத்துக்குக் குறைந்த ஆண்டுகளையே பெறுகிறார்.

உங்கள் மானிட்டர் என்ன கேட்கிறது

ஒரே கார்டு ஒருவர் வீட்டில் மூன்றாண்டிலும் இன்னொருவர் வீட்டில் ஆறாண்டிலும் பழசாவதற்குக் காரணம் பெரும்பாலும் மானிட்டர்தான். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள்; 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம், 4கே திரையில் சுமார் 82.9 லட்சம். 4கே மானிட்டரில் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (நொடிக்குப் பலமுறை மாறும் படங்களில் ஒன்றுக்கும்) 1080பி-யைவிட நான்கு மடங்குப் புள்ளிகளைக் கணக்கிட்டுத் தீட்ட வேண்டும். 1080பி மானிட்டருக்கு மேல்தட்டுக் கார்டை வாங்குவது வைகையில் வெள்ளம் போகும்போது குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவது மாதிரி. 4கே மானிட்டருக்கு நடுத்தரக் கார்டை வாங்கினால் இரண்டாம் ஆண்டிலேயே செட்டிங்கைக் குறைக்கத் தொடங்கிவிடுவீர்கள். நெடுநாள் உழைப்பு வேண்டும் என்பவருக்கு 1440பி மானிட்டரும் 16 ஜிபி நினைவகக் கார்டும்தான் என் பரிந்துரை.

எதை ஆடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் போன்றவற்றை மட்டுமே ஆடுகிற பையனுக்கு உயர்ரகக் கார்டே தேவையில்லை. அவனுக்கு வேண்டியது வேகமான பிராசஸரும், நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும். 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-ஐ இன்னமும் ஆடுகிறவர்களை நான் அறிவேன். அவர்களுடைய கணினிகளுக்கு மரணமே இல்லை போலிருக்கிறது.

எதில் பணத்தைப் போடுவது

கடையில் இருப்பதிலேயே உச்சியில் உள்ள கார்டை வாங்கினால் அது அதிக நாள் வரும் என்று எண்ணுவது இயல்பு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2018 செப்டம்பரில் 1,199 டாலருக்கு விற்ற ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கொடுத்த வேகத்தை, இரண்டே ஆண்டில், 2020 அக்டோபரில், 499 டாலர் ஆர்டிஎக்ஸ் 3070 ஏறத்தாழக் கொடுத்துவிட்டது. 2022 மார்ச்சில் 1,999 டாலருக்கு வந்த 3090 டிஐ-யை, அடுத்த ஜனவரியில் 799 டாலருக்கு வந்த 4070 டிஐ பல கேம்களில் எட்டிப் பிடித்தது. உச்சிக் கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வேகத்தைத் தருகிறதே ஒழிய, அதே விகிதத்தில் ஆண்டுகளைத் தருவதில்லை. ஒரே தடவையில் இரண்டு லட்சத்தைக் கார்டில் கொட்டுவதைவிட, இன்று எண்பதாயிரத்துக்கு ஒன்றும் நான்காண்டு கழித்து எண்பதாயிரத்துக்கு இன்னொன்றும் வாங்குகிறவரே ஏழெட்டு ஆண்டுகளும் நல்ல நிலையில் ஆடுவார். இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அண்மைத் தலைமுறைகளில் இந்தப் பாய்ச்சல் சுருங்கிவிட்டது. 2025-இல் வந்த கார்டுகளில் நடுத்தரம் எதுவும் முந்தைய உச்சியான 4090-ஐ எட்டவில்லை. ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் மாற்றுவது வீண். ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததற்குப் போவதே சரியான இடைவெளி.

கார்டில் கவனிக்க வேண்டிய முதல் எண் அதன் நினைவகம். அதே 3070, வேகத்தில் 2080 டிஐ-க்குச் சமமாக இருந்தும், 11 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி மட்டுமே கொண்டிருந்ததால் 2023-இல் முதலில் மூச்சு வாங்கியது அதுதான். அதைவிட மெதுவான ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி இருந்த ஒரே காரணத்தால் சில கேம்களில் உயர்ந்த டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படத்தை) விக்கல் இல்லாமல் காட்டியது. ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். கார்டின் நினைவகம் வாங்கிய அன்று இருப்பதுதான் கடைசிவரை.

மதர்போர்டு வாங்கும்போது அதன் சாக்கெட் (பிராசஸரைச் செருகும் இடம்) இன்னும் எத்தனை தலைமுறைப் பிராசஸருக்கு இடம் தரும் என்று கேளுங்கள். 2017-இல் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் போர்டோடு அதன் முதல் தலைமுறை ரைசன் பிராசஸரை வாங்கியவர்கள், 2022-இல் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்து அதே போர்டில் 5800எக்ஸ்3டி பிராசஸரைச் செருகினார்கள். போர்டு, ரேம், கேபினெட் எதையும் தொடாமல் இன்னொரு நான்கைந்து ஆண்டு கிடைத்தது. ஏஎம்5 சாக்கெட்டையும் 2027-க்கு அப்பால்வரை ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் சாக்கெட்டுகள் சீக்கிரம் மாறுகின்றன. அங்கே வாங்குகிறவர் முதலிலேயே நல்ல பிராசஸராகப் பார்த்து வாங்கி, ஏழு ஆண்டு கழித்துப் போர்டோடு சேர்த்து மாற்றத் தயாராக இருக்க வேண்டும். 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக இன்டெல் பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மிகை வோல்டேஜால் அவை தேய்ந்துபோகும் குறையை 2024-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டாண்டு நீட்டியது.

நம் ஊரில் பலர் கஞ்சத்தனம் காட்டும் இடம் எஸ்.எம்.பி.எஸ். அதுவும் தவறான இடத்தில். 10 ஆண்டு வாரண்டி உள்ளதாக வாங்குங்கள். டப்பாவில் ‘80 பிளஸ் கோல்டு’ என்றிருப்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. நெடுநாள் உழைக்கும் என்பதற்கான சான்று அல்ல. 4090 கார்டு தனியாகவே 450 வாட் வரையும், 5090 தனியாகவே 575 வாட் வரையும் இழுக்கும் என்பதை நினைவில் வைத்து, இன்றைய தேவைக்கு மேல் 200 வாட்டாவது கூடுதலாக எடுங்கள். அடுத்த கார்டுக்கும் அதுவே போதும்.

வெயில், தூசி, மின்சாரம்

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு ஒரு பொது விதி உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 25 டிகிரி அறையில் ஓடும் கணினிக்கும், அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி அறையில் ஓடும் கணினிக்கும் உள்ள வித்தியாசம் இதிலிருந்தே விளங்கும். அறையின் வெப்பம் கூடும் அளவுக்குச் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அப்படியே கூடும். எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் அறைக் காற்றைவிடக் குளிராக்க அதனால் முடியாது. ஆகவே ஏ.சி. இல்லாத அறை என்றால் கணினியை மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மேசைக்கு அடியில் மூடிய மர அறைக்குள் தள்ளாதீர்கள். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கோடை மூன்று மாதமும் நான் தவறாமல் செய்யும் ஒரு காரியம் கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சார அளவை, 80 சதவீதத்துக்குக் குறைப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு கோட்டை இழுத்தால் போதும். 450 வாட் கார்டு 360 வாட்டுக்கு இறங்கும்; ஃபிரேம் எண்ணிக்கையில் சில சதவீதம்தான் குறையும், அதைக் கண்ணால் காண முடியாது. அதோடு மானிட்டரின் ஹெர்ட்ஸ் எவ்வளவோ அந்த அளவுக்கு ஃபிரேமைக் கட்டிப்போடுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் 230 ஃபிரேம் ஓடவிடுவது யாருக்கும் காட்டாமல் சமைத்துக் கொட்டுவதற்குச் சமம்.

கரண்ட் பில்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளையாடும்போது மொத்தம் 600 வாட் இழுக்கும் கணினியை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் 2.4 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் சுமார் 146 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஆகும் வீட்டில் இது மொத்தத்தை 500-க்கு மேல் தள்ளிவிடும். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் கட்டணம் கூடிவிடும் என்பதால், அப்பா கணினியைப் பார்த்து முறைப்பதில் நியாயம் இருக்கிறது.

தூசியைப் பற்றிச் சொல்ல செல்லூரில் பார்த்த ஒரு கணினி போதும். கீழே தறி ஓடும் வீடு. மாடியில் பையனின் அறை. மூன்றாண்டு ஆன கார்டு, கேம் தொடங்கிய பத்து நிமிடத்தில் வேகம் இழக்கிறது, வேறு கார்டு வாங்கலாமா என்று கேட்டு அழைத்திருந்தார்கள். முன் மூடியைக் கழற்றியபோது தூசி வடிகட்டி கண்ணுக்கே தெரியவில்லை. பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பியதும் முழுதாக ஒரே தகடாக உரிந்து கையோடு வந்தது. அதன் பின்னால் இருந்த விசிறிகள் மூன்றாண்டாகச் சும்மா சுற்றியிருக்கின்றன. வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து, ப்ளோயரால் உள்ளே ஊதி, சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டைக் கார்டுக்குப் புதிதாகத் தடவி மாட்டினோம். 87 டிகிரியில் நின்ற கார்டு 74-க்கு வந்தது. தெர்மல் பேஸ்டின் விலை ஐந்நூறு ரூபாய்க்குள்தான். அவர்கள் வாங்கவிருந்த கார்டின் விலையை நான் கேட்கவில்லை.

சுத்தம் செய்ய நம் நாள்காட்டியிலேயே இரண்டு நாட்கள் இருக்கின்றன. பங்குனிக் கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன் ஒருமுறை. ஆடிக் காற்று கொண்டுவந்து சேர்த்த மண்ணையெல்லாம் துடைக்க, ஆயுத பூஜைக்கு இன்னொரு முறை. ப்ளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். பொட்டு வைக்கிறவர்கள் கேபினெட்டுக்கு வெளியே வையுங்கள். வடிகட்டியில் வைத்த சந்தனத்தைச் சுரண்டிய அனுபவமும் எனக்கு உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் காலி ஸ்லாட் எதுவும் மூடியில்லாமல் இருந்தால் உடனே மூடுங்கள். வெதுவெதுப்பைத் தேடி வரும் பல்லிக்கு அதுதான் வாசல்.

தண்ணீர்க் கூலர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குழாய் வழியே நீர் மெல்ல மெல்ல ஆவியாகி, ஐந்தாறு ஆண்டில் பம்பும் சத்தம் போடத் தொடங்கும். அதன்பின் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். நல்ல ஏர் கூலரில் பழுதாவது விசிறி ஒன்றுதான். அது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மின்சாரத்தில் மூன்று காரியம் உண்டு. ஒன்று எர்த்திங். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றால், கணினியைக் குறை சொல்லாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியைப் பாருங்கள். இரண்டு, யுபிஎஸ். வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். 600 வாட் கணினிக்கு 1,100 விஏ-யாவது வேண்டும். வீட்டு இன்வர்ட்டரில் போடுகிறவர்கள் அது சைன் வேவ் (சீரான அலையாக மின்சாரம் தரும்) வகைதானா என்று உறுதிசெய்து, பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்ற ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் போய் இன்வர்ட்டர் பிடிக்கும் இடைவெளியில் எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லிசெகண்டுதான் தாக்குப்பிடிக்கும். சாதாரண மோடில் இன்வர்ட்டர் அதைவிடத் தாமதமாகப் பிடிப்பதால்தான் ஃபேன் நிற்காமல் சுற்றும்போதே கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. மூன்று, ஐப்பசி இடி. பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பிராட்பேண்ட் பெட்டியிலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும். அதன் வழியாக மின்னல் நுழைந்து மதர்போர்டு கருகியதை நம் பக்கத்துப் பழுது பார்ப்பவர்கள் ஒவ்வொரு மழைக்காலமும் பார்க்கிறார்கள்.

மாற்றுவதற்கு முன் சோதனை

கணினி மெதுவாகிவிட்டது என்று தோன்றியதும் டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கிக் கீழ்க்காணும் வரிசையில் பாருங்கள்.

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு செத்துவிட்டது என்று வருகிறவர்கள் குறைவில்லை. அடுத்து விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மூன்றாண்டாக 60-இலேயே ஓட்டிய ஒருவருக்கு அதை மாற்றிக் கொடுத்தபோது புதுக் கணினி வாங்கிய சந்தோஷம் வந்தது. பிறகு பயாஸில் ரேம் அதன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கான செட்டிங் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருக்கும், பல கணினிகளில் அதைப் போடாமலே விட்டிருப்பார்கள்.

இவை சரியாக இருந்தால் ஆஃப்டர்பர்னரின் எண்களைத் திரையில் காட்டவைத்து, உங்களைத் தொந்தரவு செய்யும் கேமையே அரை மணி நேரம் ஆடுங்கள். கார்டின் பயன்பாடு 97 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டில்தான். அது 60, 70-இல் ஊசலாட, ஃபிரேமும் குறைவாக இருந்தால் தடை பெரும்பாலும் பிராசஸரில். சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் ஏறினால் கார்டு, ஏறாவிட்டால் பிராசஸர். இந்தச் சோதனையைச் செய்யாமல் புதுக் கார்டு வாங்கி, பழைய பிராசஸரோடு மாட்டி, ஒரு ஃபிரேம்கூடக் கூடவில்லையே என்று வருந்தியவர்கள் நிறைய. கார்டின் நினைவகம் நிரம்பி நின்று, ஓட்டம் திக்கித் திக்கி வந்தால், டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். திக்கல் நின்றால் கார்டுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

செட்டிங்கைக் குறைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ரே டிரேசிங், நிழல், மூடுபனி ஆகிய மூன்றும் கார்டை அதிகம் வாட்டும். அவற்றை ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்கு இறக்கினால் ஆடும்போது வித்தியாசம் தெரியாது. டெக்ஸ்சரை, நினைவகம் இருக்கும்வரை, தொடவேண்டாம். சிறிதாகத் தீட்டிய படத்தைத் திரைக்கேற்பப் பெரிதாக்கித் தரும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதியைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். 2025 ஜனவரியில் வந்த அதன் புதுப் பதிப்பின் படத் தெளிவு 2018-இல் வந்த 20 வரிசைக் கார்டுகளுக்கும் கிடைத்தது. ஆறு வயதைத் தாண்டிய கார்டுக்கு இலவசமாகக் கிடைத்த மூக்குக்கண்ணாடி அது.

எதை முதலில் மாற்றுவது

சோதனை கார்டைக் காட்டினால் கார்டை மாற்றுங்கள், எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா, கேபினெட்டுக்குள் நீளம் பத்துமா என்று டேப்பால் அளந்துவிட்டு. பிராசஸரைக் காட்டினால், அதே சாக்கெட்டில் இருக்கும் உயர்ந்த பிராசஸர் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இல்லையென்றால்தான் போர்டு, ரேம் என்று செலவு இழுக்கும். 2025-இன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை இரு மடங்குக்கு மேல் போனது. அந்த நிலை இருக்கும்வரை போர்டு மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும், கையில் இருக்கும் ரேமை விற்காமல் வைத்திருப்பதும் புத்திசாலித்தனம்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பரவலாக விற்கும் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றில் 600 டிபி வரை எழுதலாம் என்பது நிறுவனங்கள் சொல்லும் கணக்கு. நாளுக்கு 100 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 16 ஆண்டாகும். அது நிறைந்துபோவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்போது இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், 7-ஆம் தலைமுறை இன்டெல் அல்லது முதல் தலைமுறை ரைசனில் இருப்பவர்களுக்கு வேகம் இருந்தாலும் பிராசஸர் மாற்றம் வந்தே தீரும். அதற்கு மேற்பட்ட பிராசஸர் இருந்தும் விண்டோஸ் 11 ஏற மறுத்தால் பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழையதை விற்பது

பழைய கார்டை விற்று வரும் பணமே அடுத்த கார்டின் முதல் தவணை. கார்டுகளுக்குப் பொதுவாக மூன்றாண்டு வாரண்டி. அதில் ஐந்தாறு மாதம் மிச்சமிருக்கும்போது விற்றால் கிடைக்கும் விலை, முடிந்தபின் கிடைப்பதில்லை. புதுத் தலைமுறை வரப்போகிறது என்ற செய்தி பரவினாலும் விலை இறங்கும். விற்பதாக இருந்தால் அதற்கு முன்பே விற்றுவிட வேண்டும். எனக்கு ஒருமுறை ஒரு கடைக்காரர் துண்டுத்தாளில் கையால் எழுதிக் கொடுத்த பில்லை நம்பி இருந்தேன். சீரியல் எண் அதில் இல்லாததால் வாரண்டியும் கிடைக்கவில்லை, விற்கும்போது உரிய விலையும் கிடைக்கவில்லை. ஜிஎஸ்டி எண், சீரியல் எண் இரண்டும் அச்சிட்ட பில்லை வாங்கி, அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். அச்சு மை இரண்டு கோடையில் வெளிறிப்போகும். அட்டைப்பெட்டியைப் பரணில் போடுங்கள், வாரண்டிக்குச் சென்னைக்கு அனுப்ப நேர்ந்தாலும் அதில்தான் வைத்து அனுப்ப வேண்டும்.

நீங்கள் பழைய கார்டை வாங்குகிற பக்கத்தில் இருந்தால், 2022 செப்டம்பரில் ஈதரியம் மைனிங் (கார்டுகளை இரவும் பகலும் ஓட்டி ஈதரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிப்பது) நின்றபோது சந்தையில் வந்து குவிந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாமல் நேரில் போங்கள். பாரமான கேம் ஒன்றை இருபது நிமிடம் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் வெப்ப எண்ணையும் கவனித்து, கார்டின் முதுகில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் படித்துப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.